தபால் வரவில்லை என்றால் வரி இல்லை என்று ஆகுமா?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் குமரி மாவட்டம் விளவங்கோடு பக்கத்துக்காரர், வளைகுடாவில் வேலை. அம்மா இறந்து மூன்று வருடமாக வீடு பூட்டிக் கிடக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். கேட்டில் ஒட்டிய சொத்து வரி நிலுவை அறிவிப்பு அது. "முன்னரே தபாலில் அனுப்பப்பட்டது" என்றும் அதில் எழுதியிருக்கிறது. அதே வாரத்தில் வருமான வரியில் 23,400 ரூபாய் பாக்கி என்று தெரியவந்திருக்கிறது. அதற்கும் ஒரு தபால் வந்து, "கதவு பூட்டு" என்று திரும்பிப் போயிருக்கிறதாம். "ஒரு காகிதமும் என் கைக்கு வரவில்லை. நான் ஏன் கட்ட வேண்டும்?" என்பது அவர் கேள்வி.

தம்பி, உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் இரண்டு வழக்கை ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். தபால் தொலைந்தது ஒரு வழக்கு, வரி சரியா தப்பா என்பது வேறு வழக்கு. தபால் வரவில்லை என்று நீங்கள் நூறு சதவீதம் நிரூபித்தாலும் வரி ஒரு ரூபாய்கூடக் குறையாது. அதனால் கிடைக்கக்கூடியது நாள் மட்டும்தான்: கடந்துபோன கெடு, ஆட்சேபணை சொல்லும் வாய்ப்பு, ஏறிய வட்டியில் கொஞ்சம். நான் அஞ்சல் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் நம் மாவட்டத்துத் துணை அஞ்சலகங்களில். ஓய்வுக்குப் பிறகு ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தபால்காரரைத் திட்டியே ஆட்சேபணை நாளைத் தொலைத்தவர்கள்.

தபால் ஏன் நம் ஊரில் இவ்வளவு தடுமாறுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். குமரியில் விலாசம் என்றால் வீட்டுப்பெயர். மேலவிளை, கீழவிளை, பனவிளை, புத்தன்வீடு என்று ஒரு பஞ்சாயத்துக்குள்ளேயே ஒரே பெயர் நாலு இடத்தில் இருக்கும். 1951 வரை இங்கே திருவிதாங்கூரின் சொந்த அஞ்சல் ஓடிக்கொண்டிருந்தது. மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சல்காரனுக்கு வீட்டுப்பெயர் போதும், ஆளைத் தெரியும். கதவு எண் பிறகு வந்தது. வந்த பிறகும் இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள், பழைய எண் புதிய எண் என்று இரண்டையும் எழுதுகிறோம். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கணினி அச்சடிக்கும் விலாசத்தில் இடம் போதாமல் வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்த வீட்டுப்பெயர்தான்.

அடுத்தது மாவட்டப் பெயர். வங்கிப் படிவத்தில் "ஊர்" என்ற கட்டத்தில் பலர் "கன்னியாகுமரி" என்று போட்டுவிடுகிறார்கள். மாவட்டமும் கன்னியாகுமரி, முனையில் இருக்கும் ஊரும் கன்னியாகுமரி. அந்த ஊரின் பின்கோடு 629702. கருங்கல்காரருக்கான கடிதம் முனை வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கொல்லங்கோட்டுக்காரர்கள் கதை இன்னும் மோசம். பாலக்காட்டிலும் ஒரு கொல்லங்கோடு உண்டு. பின்கோடு 629 என்று தொடங்காமல் 678 என்று யாராவது தட்டிவிட்டால் கடிதம் அங்கே போய், ஆளைத் தேடி, திரும்பி வருவதற்குள் 30 நாள் கெடு முடிந்திருக்கும். கடலோர ஊர்களில் ஒரே தெருவில் ஒரே பெயரில் ஐந்தாறு பேர். அப்பா பெயரின் முதல் எழுத்தும் ஒத்துப்போனால் தபால்காரர் என்ன செய்வார்? ஜூன் மழையில் நனைந்து மை கரைந்த உறைகளை வெயிலுக்காக அஞ்சலகத் திண்ணையில் காயப்போட்டிருக்கிறோம்.

இதில் எந்தத் தவறாக இருந்தாலும் விலாசம் சரியில்லாமல் போன தபால் உங்களுக்குச் சாதகம். சரியான விலாசத்துக்கு வந்து, வீடு பூட்டியிருந்ததால் திரும்பிய தபால் உங்களுக்குப் பாதகம். இதை நிறையப் பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 27ஆம் பிரிவு சொல்வது இது: சரியான விலாசம் எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால் சாதாரணமாகப் போய்ச் சேரும் நேரத்தில் சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும், மாறாக நிரூபிக்கப்படாத வரை. 2007இல் ஒரு காசோலை வழக்கில் உச்ச நீதிமன்றமும் "வீடு பூட்டியிருந்தது" என்ற குறிப்போடு திரும்பிய அறிவிப்பை இந்த வழியில்தான் பார்த்தது. "வாங்க மறுத்தார்" என்று எழுதித் திரும்பினால் கேட்கவே வேண்டாம், வாங்கியது மாதிரிதான். எங்கள் காலத்தில் சிலர் தபால்காரரைத் தூரத்தில் பார்த்ததும் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அது புத்திசாலித்தனம் என்று அவர்களுக்கு நினைப்பு.

"மாறாக நிரூபிக்கப்படாத வரை" என்பதில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது. ஸ்பீட் போஸ்ட் என்றால் 13 எழுத்துள்ள எண் இருக்கும்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ-என். (2025இல் பழைய ரிஜிஸ்தர் தபாலும் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது.) அந்த எண்ணை அறிவிப்பு அனுப்பிய அலுவலகத்திடம் கேளுங்கள். கிடைத்ததும் இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டு, வரும் பக்கத்தை அன்றைக்கே அச்செடுத்துவிடுங்கள். பழைய விவரம் தளத்தில் நெடுநாள் இருக்காது. அதில் எந்த அஞ்சலகத்துக்கு வந்தது என்பதைப் பாருங்கள். உங்கள் ஊர் அஞ்சலகத்துக்கே வராமல் வேறு பின்கோட்டில் சுற்றித் திரும்பியிருந்தால் உங்கள் பக்கம் பலம். "டெலிவரி ஆனது" என்று காட்டி உங்களுக்கு வரவில்லை என்றால், பட்டுவாடா செய்த அஞ்சலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள், யார் கையெழுத்துப் போட்டு வாங்கியது என்று. இலவசப் புகார் எண் 1800 266 6868. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்த வேண்டாம். புகார் எண் கையில் இருந்தால்தான் பிறகு வரி அலுவலகத்தில் காட்ட முடியும்.

தபால் துறையிடமிருந்து நஷ்டஈடு வாங்கிவிடலாம் என்று நினைத்தால் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றும் வராது. உள்நாட்டு ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதுவும் அனுப்பியவருக்கு. சாதாரணத் தபாலுக்கு அதுவும் இல்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த பொறுப்பு விலக்கு, 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்திலும் தொடர்கிறது. துறையில் இருந்தவன் என்பதற்காக நான் சப்பைக்கட்டு கட்டவில்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

இனி உங்கள் சொத்து வரி. "தபாலில் அனுப்பப்பட்டது" என்று அறிவிப்பில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளாட்சிகளில் பல நேரம் பில் கலெக்டர் கையில் கட்டாகக் கொடுத்து விடுவார்கள். பூட்டிய வீடு என்றால் கேட் இடுக்கில் செருகிவிட்டுப் போவார், காற்றோடு அது தோட்டத்துக்குப் போகும். ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். இன்ன வரி விதிப்பு எண்ணுக்கான அறிவிப்பு எந்தத் தேதியில், எந்த அனுப்புகை எண்ணில், எந்த முறையில் அனுப்பப்பட்டது, அதற்கான பதிவேட்டின் நகல் வேண்டும், அவ்வளவுதான். "ஏன் அனுப்பவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வராது, நகல் கேட்டால் வரும். 30 நாளில் பதில் தர வேண்டும். நான் எழுதிக் கொடுத்த மனுக்களில் சிலவற்றுக்கு "பதிவேட்டில் பதிவு இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. அந்தக் காகிதம் தங்கம்.

அது வரும்வரை சும்மா இருக்காமல் பில்லையே கூர்ந்து பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பரப்பு 1,240 சதுர அடி என்று இருக்கிறது. உங்கள் ஆவணத்தில் கட்டடம் 1,150 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விஷயம் இங்கேதான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது சென்னையைத் தவிர்த்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஏற்றினார்கள். பின்னால் இறக்கிய தகர ஷெட்டையோ என்னவோ சேர்த்து அளந்து உங்களை 1,200-க்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். பழைய வரி அரையாண்டுக்கு 800 ரூபாய் என்றால் 50 சதவீத உயர்வில் 1,200, 75 சதவீத உயர்வில் 1,400. ஆறு அரையாண்டுக்கு வித்தியாசம் 1,200 ரூபாய். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். ஆனால் அந்த அளவு பதிவேட்டில் நின்றுவிட்டால் வருடா வருடம் அதுதான், அடுத்த உயர்வும் அதன் மேல்தான் ஏறும்.

இப்படிச் செய்யுங்கள். ஆவணத்தின் நகல், வரைபடம் இருந்தால் அதன் நகல், பழைய ரசீது ஒன்று, இவற்றோடு "மறு அளவீடு செய்து வரியைத் திருத்தித் தர வேண்டும்" என்று பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு மனு. அறிவிப்பை முதலில் பார்த்த தேதியை, அதாவது வாட்ஸ்அப் படம் வந்த தேதியை, மனுவிலேயே எழுதுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அண்ணாச்சி வெளியே வரக் கூடாது. முத்திரை தர மறுத்தால் சண்டை வேண்டாம், அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். அவர்களுக்கு இருக்கும் 27ஆம் பிரிவு உங்களுக்கும் உண்டு. அதோடு பழைய அரையாண்டுகளில் ஒன்றிரண்டையாவது ஆன்லைனில் கட்டிவிடுங்கள். நிலுவைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறுகிறது, மனு போட்டதால் அது நிற்காது. இனிமேல் ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. இதே வீடு கிராம ஊராட்சியில் இருந்தால் கதை வேறு. அங்கே வீட்டு வரி வருடத்துக்கு ஒரு முறை, கட்டும் தளமும் தனி.

பில்லில் குடிநீர்க் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் வீட்டுக்குக் குழாய்க் கட்டணம் வந்த கதைகள் இங்கே நிறைய.

பில் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கவனித்தேன், உங்கள் அப்பா பெயர். அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இறந்தவர் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தால் "விலாசதாரர் இறந்துவிட்டார்" என்று எழுதித் திருப்புவது தபால்காரரின் வேலை. அவர் தப்புச் செய்யவில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆவண நகல், கடைசி வரி ரசீது இவற்றைக் கொடுத்துப் பெயர் மாற்றம் செய்தால்தான் இந்த நோய் தீரும். நம் ஊரில் கரம் தீர்வை (நிலவரி) ரசீதை மட்டும் பத்திரமாகப் பெயர் மாற்றி வைப்பார்கள், வீட்டு வரியை மறந்துவிடுவார்கள்.

உங்களுக்கு இவ்வளவு சொல்கிற நானே ஏமாந்தவன்தான். ஓய்வு பெற்ற மறு வருடம் என் வீட்டு வரி அறிவிப்பு எனக்கு வரவில்லை. நானும் கவனிக்கவில்லை, பென்ஷன் அலைச்சல். இரண்டு வருடம் கழித்து வட்டியோடு வந்து நின்றது. விசாரித்தால், அறிவிப்பு என் வீட்டுப்பெயரே உள்ள இன்னொரு வீட்டில், அரை கிலோமீட்டர் தள்ளி, மின்சாரக் கட்டண அட்டையோடு சேர்த்துப் படச் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அக்கா சொன்னது: "சாரே, உங்கள் ஆபீஸ்காரங்க யாராவது வந்து எடுப்பாங்கன்னு நினைச்சேன்." முப்பத்திரண்டு வருடம் மற்றவர் விலாசத்தைத் திருத்தியவனுக்கு இது தேவைதான் என்று என் வீட்டம்மா இன்றைக்கும் சொல்கிறாள். ஆனால் அந்த உறையை அக்கா எறியாமல் வைத்திருந்தார், அதன் மேல் விலாசம் தப்பாக அச்சாகியிருந்தது. அதை இணைத்து மனுப் போட்டதில் வட்டியைத் தள்ளினார்கள். வரியைத் தள்ளவில்லை, தள்ளவும் கூடாது. எனவே உறையைக் கிழித்துப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காகிதத்தை அலுவலகம் மறுபடி அச்சடித்துத் தரும், உறையில் இருக்கும் அஞ்சல் முத்திரையை யாரும் திரும்பத் தர முடியாது.

வருமான வரி விவகாரம் கொஞ்சம் வேறு. அங்கே தபாலை விட மின்னஞ்சல்தான் பிரதானம். கணக்கில் பதிவான மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அதுவும் சேர்ப்பித்ததுதான். உங்கள் பான் கணக்கில் இருக்கும் மின்னஞ்சல் யாருடையது என்று பார்த்தீர்களா? நம் பக்கத்தில் பல பேருக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது ஏதோ ஒரு பிரவுசிங் சென்டர் பையன். மின்னஞ்சல் அவனுடையது, கைபேசி எண்ணும் அவனுடையது. கடை மூடி அவன் வெளிநாடு போய் வருடம் ஆகியிருக்கும். துறை அனுப்பிய கடிதமெல்லாம் அந்தப் பெட்டியில் திறக்கப்படாமல் கிடக்கும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

அப்புறம் அந்த 23,400 உண்மைதானா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் எந்தக் கடிதத்திலும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும், சுருக்கமாக டின் என்பார்கள். அந்த எண்ணை வருமான வரித் தளத்தில் போட்டால் கடிதம் அசலா போலியா என்று சொல்லிவிடும், லாகின்கூட வேண்டாம். அசல் என்றால் உள்ளே போய் "நிலுவைக் கேட்புக்குப் பதில்" என்ற இடத்தில் எந்த ஆண்டுக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் வைப்புத்தொகை வட்டியில் வங்கி பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறாமல் இருக்கும், அல்லது நீங்கள் காட்டாத வட்டி ஏஐஎஸ் என்ற வருடாந்தரத் தகவல் அறிக்கையில் ஏறியிருக்கும். முதலாவது என்றால் வங்கிதான் திருத்த வேண்டும், அதற்குப் பிறகு நீங்கள் திருத்த மனுப் போடலாம். உத்தரவு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நாலு வருடம் வரை அதற்கு நேரம் உண்டு. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம், தபால் கதை அங்கே உதவும். இரண்டாவது என்றால், தம்பி, கட்டிவிடுங்கள். இங்கேயும் மாதம் 1 சதவீதம் ஓடுகிறது. பதில் சொல்லாமல் விட்டால் அடுத்து வரவேண்டிய ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். பலருக்கு விஷயம் தெரிவதே அப்போதுதான்.

இன்னொன்று. "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, விலாசம் முழுமையாக இல்லை, இந்த இணைப்பைத் தட்டி 25 ரூபாய் கட்டுங்கள்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் குறுஞ்செய்தி வரும். உங்களை மாதிரித் தபாலுக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதில் விழுகிறார்கள். தட்டாதீர்கள். தட்டிப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு இருக்கும் வரை உங்கள் தபாலை அண்ணாச்சி வாங்கிக்கொள்ளலாம் என்று அதிகாரக் கடிதம் ஒன்றை எழுதி, கையெழுத்திட்டு, ஊர் அஞ்சலகத்தில் கொடுங்கள். உங்கள் அடையாள அட்டை நகலும் அவருடையதும் சேர்த்து. பதிவுத் தபால் உட்பட என்று தெளிவாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் சாதாரணக் கடிதத்தை மட்டும் கொடுப்பார்கள். வேறு விலாசத்துக்குத் திருப்பி விடச் சொல்லியும் எழுதிக் கொடுக்கலாம். கிளை அஞ்சலகம் என்றால் அங்கே இருக்கும் போஸ்ட்மாஸ்டரிடம் அண்ணாச்சியை நேரில் அறிமுகப்படுத்திவிடுங்கள், அது கடிதத்தை விட நன்றாக வேலை செய்யும். கேட்டில் ஒரு தபால் பெட்டியும் மாட்டுங்கள், மழை இறங்காத மூடியுள்ளதாக.

ஓணத்துக்கு ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வந்ததும் அம்மா பழைய வரி ரசீதுகளை எங்கே வைத்திருந்தார் என்று தேடுங்கள். அந்தக் காலத்து அம்மாக்கள் ரேஷன் கார்டு உறைக்குள்ளோ, துணி அலமாரியில் விரித்த செய்தித்தாளுக்கு அடியிலோ வைப்பார்கள். 2022-க்கு முந்தைய ரசீது ஒன்று கிடைத்தால் போதும், அதில் பரப்பு என்ன போட்டிருக்கிறது என்று எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். மறு அளவீட்டு மனுவை நானே எழுதித் தருகிறேன்.